தழைச்சத்து நெல்லைக் குளிரில் காக்கிறதா, கெடுக்கிறதா?

தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் நெல்லின் குளிர் தாங்கும் திறன் குறையும் என்று பாடநூல் சொல்கிறது. மார்கழிப் பனியில் வெளிறிப்போன நவரைப் பருவ நாற்றங்காலுக்குக் கொஞ்சம் யூரியா தூவினால் நாற்று தேறிவிடுகிறது என்று திருவண்ணாமலைப் பக்கத்தில் உங்கள் வீட்டார் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். பாடநூல் பேசுவது கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் பருவத்தைப் பற்றி. உங்கள் வீட்டார் பேசுவது நாற்றைப் பற்றி. ஆகவே, குளிர் எந்தப் பருவத்தில் வருகிறது, அந்த நேரத்தில் பயிருக்குள் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

நெற்பயிரின் ஊட்டத்தைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அறைகளில் தொட்டிப் பயிர்களை வைத்துச் செய்த வேலை. தொட்டியில் வேர் ஓடும் இடம் குறைவு. அறைக்குள் காற்றும் மேகமும் இல்லை. அதனால் தொட்டியில் கண்ட அளவுகளை அப்படியே ஏக்கர் கணக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன். காரண காரியத்தைச் சொல்வேன். உர அளவை உங்கள் மண்ணைப் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த அறிவின் பெரும்பகுதி வடக்கு ஜப்பானிலிருந்து வந்தது. ஹொக்கைதோ தீவிலும் அதற்குத் தெற்கே தோஹோகு பகுதியிலும் கோடையில் ஒக்கோட்ஸ்க் கடல் பக்கமிருந்து 'யாமாசே' என்னும் குளிர்ந்த வடகிழக்குக் காற்று வீசும். அது பனிமூட்டத்தையும் தூறலையும் கொண்டுவந்து, சூரியனை மறைத்து, சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் நின்றுவிடும். 1993ஆம் ஆண்டு அப்படி ஓர் ஆண்டு. வழக்கமான விளைச்சலை 100 என்று வைத்துக்கொண்டால் அந்த ஆண்டு நாடு முழுவதும் கிடைத்தது 74தான். அவோமோரி மாகாணத்தில் அது 28க்கு இறங்கியது. அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து இருபத்தைந்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் குளிர்ச் சேதத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். வளர்ச்சி பிந்தி, மணி முற்றுவதற்குள் இலையுதிர்காலக் குளிர் வந்துவிடுவது ஒன்று. கதிர் நேரத்துக்கு வெளிவந்தும் மகரந்தம் மலடாகி, மணி பிடிக்காமல் பதராவது மற்றொன்று. தழைச்சத்து இரண்டிலும் கைகொடுக்கிறது, பயிருக்கு அல்ல, சேதத்துக்கு. ஆனால் இரண்டிலும் அது வேலை செய்யும் வழி வேறு.

மலட்டுச் சேதத்தைப் புரிந்துகொள்ள, பூவுக்குள் எந்த உறுப்பு, எந்த நாளில் கெடுகிறது என்று தெரிய வேண்டும். ஹொக்கைதோ தேசிய வேளாண் ஆய்வு நிலையத்தில் சாத்தாகே, ஹயாசே முதலியோர் 1960களின் இறுதியில் பயிர்களை நாள் வாரியாகப் பிரித்து, 12 டிகிரி செல்சியஸ் குளிரில் சில நாட்கள் வைத்து எடுத்து, மணி பிடிப்பதை எண்ணினார்கள். மகரந்தம் உருவாவதற்கான செல் பிரிவு, அதாவது குன்றல் பிரிவு, நடக்கும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது என்று அதுவரை நம்பப்பட்டது. அவர்கள் கண்டது அதற்குச் சற்றே பிந்திய கட்டம்: பிரிவு முடிந்து, நான்காகச் சேர்ந்திருந்த செல்கள் தனித்தனி நுண்வித்துகளாக, அதாவது இளம் மகரந்தங்களாக, பிரியும் வேளை. கதிர் வெளிவருவதற்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் இது நிகழும். குளிரில் வைத்த செடியின் சூலகத்துக்கு வேறொரு நல்ல செடியின் மகரந்தத்தை இட்டால் மணி பிடித்தது. பெண் உறுப்பு தப்பிவிடுகிறது, கெடுவது மகரந்தம்தான் என்பது இதிலிருந்து உறுதியானது. வயலில் இந்தக் கட்டத்தை அறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. கதிருக்கு முன் கடைசியாக வரும் கண்ணாடி இலையின் கழுத்து (இலை தண்டைவிட்டு விரியும் இடம்), அதற்குக் கீழ் இலையின் கழுத்தை எட்டிப்பிடிக்கும் நாட்களைக் கவனித்தால் போதும். இரண்டு கழுத்துகளும் ஒரே மட்டத்துக்கு வரும் வேளைதான் குன்றல் பிரிவின் நேரம், நுண்வித்துக் கட்டம் அதை ஒட்டியே வருகிறது.

மகரந்தப்பையின் உட்சுவரில் டேப்பீட்டம் என்று ஓர் அடுக்கு உண்டு. வளரும் மகரந்தத்துக்குப் பாலூட்டும் தாய் என்றே அதைச் சொல்லலாம். குளிரில் அந்த அடுக்கு உரிய காலத்தில் கரையாமல் வீங்கிவிடுகிறது. கான்பெராவில் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் 2005இல் காட்டியபடி, சர்க்கரையை உடைத்து மகரந்தத்துக்குக் கொடுக்கும் இன்வர்டேஸ் நொதியின் மரபணு குளிரில் அடங்கிப்போகிறது. மகரந்தப்பையில் சர்க்கரை தேங்கிக் கிடக்கிறது, மகரந்தத்துக்குள் மாவுச்சத்து சேர்வதில்லை. குளிரில் ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கி குறைவதும் இதில் ஒரு பங்கு என்று 2014இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. ஆக, பட்டினி கிடப்பது செடி அல்ல. உணவு வாசல் வரை வந்தும் மகரந்தம் பட்டினி கிடக்கிறது.

இங்கே தழைச்சத்து எப்படி நுழைகிறது? முதல் வழி எண்ணிக்கை. கதிர் உருவாவதற்கு முன்னால் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் தூர்கள் கூடும், ஒவ்வொரு கதிரிலும் பூக்கள் கூடும். நல்ல வெயில் ஆண்டில் அதுதான் விளைச்சல். ஆனால் பூக்கள் கூடும்போது ஒவ்வொரு பூவின் ஆறு மகரந்தப்பைகளிலும் உருவாகும் மகரந்தத்தின் அளவு குறைகிறது. குளிர் அதில் ஒரு பங்கைக் கெடுத்துவிட்டால் எஞ்சியது சூல்முடிக்குப் போதாமல் போகிறது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: தழைச்சத்து கூடக் கூடப் பூக்களின் அடர்த்தி கூடுகிறது, நன்றாகப் பருத்த மகரந்தத்தின் எண்ணிக்கை குறைகிறது, குளிரில் மலட்டுத்தன்மை ஏறுகிறது. மகரந்தத்தைச் சேமிப்பாக நினைத்துப் பாருங்கள். கையிருப்பு நிறைய இருந்தால் குளிரில் பாதி போனாலும் குடும்பம் நடக்கும். கையிருப்பே குறைவென்றால் அதே இழப்பில் அடுப்பு அணைந்துவிடும்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட தொட்டிகள். பாதிக்கு வழக்கமான தழைச்சத்து, பாதிக்கு அதைப்போல் இரு மடங்கு. கழுத்துகள் சமமாகும் நாட்களில் எல்லாவற்றையும் 12 டிகிரி அறையில் நான்கு நாள் வைத்து வெளியே எடுத்தோம். அடுத்த இரண்டு வாரமும் இரு மடங்கு தொட்டிகளே அழகாக இருந்தன: கரும்பச்சை இலை, தடித்த தண்டு, நீண்ட கதிர். பூக்கும் நாளில் உமியை ஊசியால் பிரித்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஒரு பக்கத்தில் மகரந்தப்பைகள் மஞ்சளாக, தொட்டால் விரலில் தூள் ஒட்டும்படி இருந்தன. மற்றப் பக்கத்தில் பலவும் வெண்மையாக, ஒல்லியாக, தொட்டால் எதுவும் ஒட்டாமல் இருந்தன. அறுவடைக்கு முன் இரு மடங்கு தொட்டிகளின் கதிர்கள் தலை சாயாமல் நிமிர்ந்தே நின்றன. இலையின் பச்சையை வைத்து மணியைக் கணிக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

இதில் உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கதிர் உருவாகும் கட்டத்துக்கு முன்னும் அதை ஒட்டியும் தழைச்சத்து மிகுந்த பயிர், அதே குளிரில் கூடுதலாகப் பதராகும் என்பது பல நாடுகளில், பல ரகங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது முழுக்க முழுக்கப் பூக்களின் எண்ணிக்கை வழியாகத்தான் நடக்கிறதா, அல்லது திசுவுக்குள் கூடிய தழைச்சத்தே மகரந்தப்பையின் சர்க்கரைப் போக்கைத் தனியாகக் குலைக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உரத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மட்டும் மாற்றும் சோதனையை வடிவமைப்பது கடினம். எண்ணிக்கைதான் முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. அதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றச் சேதமான தாமதம் விளக்க எளியது. தழைச்சத்து மிகுந்த பயிர் பிந்திப் பூக்கும், பிந்தி முற்றும், பச்சையை விடாது. கோடை குறுகிய நாட்டில் ஒரு வாரத் தாமதம் என்பதே பெரிய இழப்பு. குளிர்ந்த கோடையில் வயல் மண்ணிலுள்ள கரிமப் பொருள் மெதுவாகவே சிதைகிறது, வேரும் மெதுவாகவே உறிஞ்சுகிறது. பிறகு வெயில் திரும்பும்போது அடங்கிக் கிடந்த தழைச்சத்தெல்லாம் ஒன்றாக வெளிப்பட்டு, வேண்டாத நேரத்தில் பயிரைத் தழைக்க வைக்கிறது. யாமாசே கொண்டுவரும் தூறலில் பூஞ்சணத்தால் வரும் குலைநோயும் சேர்ந்துகொள்ளும். குலைநோய்க்குத் தழைச்சத்து மிகுந்த மெல்லிய இலை எவ்வளவு பிடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1993இல் குளிரும் குலைநோயும் சேர்ந்தே அடித்தன.

இந்தச் சிக்கலில் விவசாயியின் கையை உண்மையில் கட்டிப்போடுவது காலம். குளிர் வருமா என்று தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே அடியுரம் போட்டாகிவிடுகிறது. இதை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள ரிவரினா. அங்கே குளிரின் குணமே வேறு: பகலில் நல்ல வெயில், ஆனால் தெளிந்த வானத்தின் கீழ் இரவு சட்டென்று குளிர்ந்துவிடும். அக்டோபர், நவம்பரில் விதைத்து, நுண்வித்துக் கட்டம் ஜனவரி இறுதியில் விழும்படி நாளைத் திட்டமிடுகிறார்கள். ஆண்டிலேயே இரவுகள் வெதுவெதுப்பாக இருக்கும் காலம் அது. தேவையான யூரியாவின் பெரும்பகுதியை வயலில் நிலையாக நீர் கட்டுவதற்கு முன்பு காய்ந்த மண்ணில் இட்டு, கதிர் உருவாகும் நேரத்தில் செடியை அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அகச்சிவப்புக் கதிர் முறையில் தழைச்சத்தை அளந்து, அதற்குத் தக்கபடியே மேலுரம் இடுகிறார்கள். எனக்கு இந்த முறையில் மிகுந்த மதிப்பு உண்டு, ஏனெனில் அது முழு அளவையும் முதலிலேயே பந்தயம் கட்டாமல் முடிவின் ஒரு பகுதியைப் பின்னுக்குத் தள்ளிவைக்கிறது. ஜப்பானிலும் குளிர் வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் கதிர் உருவாகும் காலத்து மேலுரத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்கிறார்கள்.

உரத்தில் செய்த பிழையை ஓரளவு ஈடுசெய்யக்கூடியது தண்ணீர். நுண்வித்துக் கட்டத்தில் இளங்கதிர் தண்டுக்குள் தரையிலிருந்து அதிக உயரத்தில் இருப்பதில்லை. வயலில் 20 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் கதிரின் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே வந்துவிடும். இரவில் காற்றைவிட நீர் சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். ரிவரினாவிலும் 20 முதல் 25 செ.மீ. வரை நிறுத்தச் சொல்கிறார்கள். சாத்தாகே பின்னாளில் இன்னொன்றையும் காட்டினார்: கதிர் உருவாகத் தொடங்கும் நாளிலிருந்தே 10 செ.மீ. அளவுக்கு நீர் நிறுத்திவந்தால், மகரந்தத்தின் எண்ணிக்கையே கூடி, பின்னால் வரும் குளிரைப் பயிர் நன்றாகத் தாங்குகிறது. தழைச்சத்து குறைக்கும் அதே கையிருப்பை வெதுவெதுப்பான நீர் கூட்டுகிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் நீர் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். மலை ஓடைத் தண்ணீரை நேராகப் பாய்ச்சினால் வாய்மடைப் பக்கம் முழுவதும் பதராகும். அதற்காகவே ஜப்பானின் மலைப்பகுதிகளில் அகலமான, ஆழமில்லாத வாய்க்கால்களில் நீரை ஓடவிட்டு வெயிலில் சூடேற்றி வயலுக்கு விடுவார்கள். ரிவரினாவில் இன்று தண்ணீரை மிச்சப்படுத்தும் கட்டாயம் இருக்கிறது. நீர் கட்டாமல் நெல் விளைவிக்க முயலும்போது இந்தப் போர்வையும் போய்விடுகிறது என்பது அங்குள்ளவர்களின் உண்மையான கவலை.

சிலிக்கா தாராளமாகக் கிடைக்கும் பயிரில் தழைச்சத்தின் கெடுதல் தணிகிறது. குளிர்ந்த மண்ணில் மணிச்சத்து எட்டாமல் போவதால் அதையும் கவனிக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விட ரகம்தான் பெரிது. ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 1993 வரை கோலோச்சிய சசநிஷிகி குளிருக்கு இளைத்த ரகம். அந்த ஆண்டுக்குப் பிறகு அதன் இடத்தை, அதே மாகாணத்தின் ஃபுருகாவாவில் உருவாகி 1991இல் பதிவான ஹிதோமெபோரே வேகமாகப் பிடித்துக்கொண்டது. குளிர் தாங்கும் மரபணுக்களைத் தேடியவர்களுக்குச் சிறந்த ஒரு மூலம் இந்தோனேசியாவின் சிலேவா என்னும் ரகத்தில் கிடைத்தது என்பதை நான் இன்றும் வியப்போடுதான் மாணவர்களிடம் சொல்கிறேன். வெப்பமண்டல நாட்டு நெல் ஒன்று ஹொக்கைதோவின் நெல்லுக்குக் கைகொடுத்திருக்கிறது.

இனி நாற்று. இங்கே கணக்கு தலைகீழாகிறது. நாற்றுக்கு மகரந்தம் இல்லை. அதற்கு வேண்டியது குளிரிலும் புது வேர் விட்டு, பச்சையத்தைக் காப்பாற்றிக்கொள்வது. நட்ட நாற்று வேர்பிடிப்பது அதன் தாளில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, தழைச்சத்து ஆகிய இரண்டையும் பொறுத்தது என்பது பழைய, நன்கு நிலைபெற்ற முடிவு. குளிரில் வேர் உறிஞ்சுவது மந்தப்படுவதால், மண்ணில் சத்து இருந்தும் நாற்று வெளிறுகிறது. போரோ என்னும் பருவத்து நெல்லுக்குக் குளிர்காலத்தில் நாற்று விடும் வங்கதேசத்தில் இதே சிக்கல் ஆண்டுதோறும் வரும். அங்கே நாற்றங்காலைப் பாலித்தீன் விரிப்பால் மூடுவதும், வெளிறிய நாற்றுக்குச் சதுர மீட்டருக்கு 7 கிராம் அளவில் யூரியா இடுவதும் பரிந்துரையாகவே இருக்கிறது. ஆனால் அளவு மீறினால் நாற்று நெட்டையாகி, மாவுச்சத்தெல்லாம் தழையாகக் கரைந்து, தாள் மெலிந்து, நட்ட பிறகு குளிரில் மடங்கிவிடும்.

உங்கள் வயலுக்கு வருவோம். நவரைப் பயிரில் குளிர் நாற்றங்காலோடு முடிந்துவிடுகிறது. கதிர் உருவாகும் நாட்களில் மாசி, பங்குனி வெயில் ஏறிவிடும். ஆகவே ஹொக்கைதோவின் மகரந்தக் கதை உங்கள் வயலில் நடப்பதற்கு இடமில்லை. அறுவடையில் பதர் கண்டால் தண்ணீர்த் தட்டுப்பாடு, கதிர் நாவாய்ப்பூச்சி, கழுத்துக் குலைநோய், பூக்கும்போது அடித்த கடும் வெயில் ஆகியவற்றை முதலில் பாருங்கள். குளிரையும் யூரியாவையும் சேர்த்துக் குற்றம் சாட்ட வேண்டாம். நாற்றங்காலைப் பொறுத்தவரை உங்கள் வீட்டார் சொல்வது சரி. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: யூரியாவைக் கையில் எடுக்கும் முன் வெளிறலைக் கிட்டத்தில் பாருங்கள். அடியிலைகள் சீராக மஞ்சளாகி வந்தால் அது தழைச்சத்துக் குறை. இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்து, அடியிலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது துத்தநாகக் குறை. அதற்கு யூரியா உதவாது. இன்னும் ஒன்று செய்து பார்க்கலாம். மார்கழி அதிகாலையில் கிணற்றுத் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த நீரை விடியலில் வடித்துவிட்டு, கிணற்று நீரை மெல்லிய அளவில் பாய்ச்சுங்கள். நான்கைந்து நாட்களில் புது இலை பச்சையாக வந்தால், யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டிய தேவையே இருக்காது.